நாலு கதவு வண்டி

ஜனவரி 11

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உனக்குச் சளி பிடித்திருந்ததே, விட்டதா? உன் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியம். பெரியவளுக்கு மார்ச்சில் பெரிய பரீட்சை. அதனால் எங்கள் வீட்டு டி.வி. வாயை மூடிக்கொண்டது. சின்னவள் வழக்கம்போல மூடவில்லை.

போனில் ஏன் பிடிக்க முடியவில்லை என்று கேட்பாய். பெரியவளின் வகுப்புக்கு வேண்டும் என்று உன் அத்தான் என் போனை அவளிடம் கொடுத்துவிட்டார். சாயங்காலம் அவரே வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு சார்ஜில் போடுகிறார். இனிமேல் நமக்குக் கடிதம்தான். நீ விடுதியில் படித்தபோது எழுதிக்கொள்வோமே, அந்த மாதிரி. கடை விலாசத்துக்கே எழுது. வீட்டுக் கடிதப் பெட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்குகிறது.

இப்போது ஒரு காரியம். என் மேல் முன்பல் ஒன்று பாதி உடைந்துவிட்டது. சின்னவள் கொடுத்த மிட்டாயைக் கடித்தேன். கல் மாதிரி இருந்தது, போய்விட்டது. கண்ணாடிக் கடைக் கவுன்டரில் நிற்கிறவள், வருகிறவர்கள் மூக்கில் பிரேமை மாட்டி முகத்துக்கு நேராகச் சிரிக்க வேண்டியவள், பல் இல்லாமல் என்ன செய்வாள்? முதலாளி என்னை உள்ளே உட்கார வைத்து லென்ஸ் துடைக்கச் சொல்லியிருக்கிறார். பல் டாக்டர் அச்சு எடுத்துத் தருகிறேன், எந்த லேபில் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றார். எனக்கு லேபே தங்கச்சியாக இருக்கிறதே. ஊராருக்கெல்லாம் பல் கட்டுகிறாய், கூடப் பிறந்தவளுக்கும் ஒன்று கட்டு.

அந்த ஸ்போர்ட்ஸ் கார் இன்னும் இருக்கிறதா? பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து எத்தனையோ வண்டி பார்த்தவர் உன் அத்தான். இரண்டே பேர் உட்காருகிற காரை ஒருத்தி தேடிப் போய் வாங்குவாளா என்று இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். நான் கேட்பது வேறு. ஒரு நாள் நாங்கள் மூன்று பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் எங்கே உட்கார வைப்பாய்? மேலே ஏற்றலாம் என்றால் அதன் கூரையும் துணிதானே.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. இருமல் மட்டும் விருந்தாளி மாதிரி, கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மற்றபடி நலம்.

அச்சு வந்தது. பிளாஸ்டர் ஊற்றி எடுத்து, உன் வாயை என் மேஜை மேல் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கீழ் வரிசையில் அந்தக் கோணல் பல் அப்படியே இருக்கிறது. அதை வைத்துத்தானே அப்பா உன்னைக் கேலி செய்வார்.

பல் செய்துவிட்டேன். உன் பல்லின் நிறம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் பக்கத்துப் பல்லோடு ஒத்துப் பார்த்துச் சொல். இதோடு அனுப்பியிருக்கிறேன்.

அக்கா, இது மிட்டாய் இல்லை. கடித்து உடைகிற பல்லைத் தினமும் பார்க்கிறேன். உன்னுடையது முன்பக்கத்திலிருந்து உடைந்திருக்கிறது. அடுத்த பல் உள்ளே சாய்ந்திருக்கிறது. மிட்டாய் பல்லை உள்ளே தள்ளாது. கை தள்ளும்.

இன்னொன்று. மூன்று பேரும் வந்து நின்றால் என்று எழுதியிருக்கிறாய். உங்கள் வீட்டில் நாலு பேர். ஒருவரை நீ மறந்து எழுதியிருப்பாய் என்று நான் நினைக்கவில்லை.

கார் இருக்கிறது. இந்த வாரம்தான் பிரேக் பார்த்தேன். அத்தான் சிரிக்கட்டும். காலையில் லேபுக்குப் போகிற வழியில், மேம்பாலத்தில் ஏறும்போது இரண்டாம் கியரில் அது ஒரு சத்தம் போடும் பார், அது ஒன்றுக்காகத்தான் நான் எழுந்து பல் விளக்குகிறேன். என் வயதில் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறது. எனக்குக் காத்திருப்பது அதுதான்.

நான் கேட்டதற்குப் பதில் எழுது.

வாலு


மார்ச் 6

அன்புள்ள வாலுவுக்கு,

நலம்தானே? நாங்கள் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கடையில் கணக்கெடுப்பு, வீட்டில் பரீட்சை.

பல் அச்சு அசலாகப் பொருந்திவிட்டது. டாக்டரே யார் செய்தது என்று கேட்டார். மறுபடியும் கவுன்டரில் நிற்கிறேன். நேற்று ஒரு கிழவர், “நீங்க சிரிக்கறதைப் பாத்துத்தாம்மா இந்த பிரேமை எடுத்தேன்” என்றார். உன்னால் கடைக்கு ஒரு வியாபாரம்.

நீ என்னென்னவோ கற்பனை செய்கிறாய். குளியலறையில் தரை வழுக்கும். நான் கவனமாக இல்லை, குழாயில் மோதிக்கொண்டேன், அவ்வளவுதான்.

கடைக்கு ஓர் அம்மா வருகிறார். இரண்டு பெண் பிள்ளைகள். உன் ஊர்ப் பக்கம் வந்துவிடலாமா என்று யோசிக்கிறார். உன் வீட்டில் எத்தனை அறை என்று கேட்டார். பக்கத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் உண்டா? நடுவருஷத்தில் சேர்த்துக்கொள்வார்களா? கண்ணாடிக் கடையில் ஆள் எடுப்பார்களா? அவருக்கும் கொஞ்சம் அந்த வேலை தெரியும். அவசரமில்லை, தெரிந்தால் எழுது. சும்மா அவருக்காகத்தான்.

வெயிலில் அலையாதே.

உன் அக்கா


மார்ச் 15

அக்கா,

நான் நலம். அந்த அம்மா நலமா?

அவரிடம் சொல். வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் நான் இருக்கிறேன். இன்னொன்றில் இஸ்திரி மேஜையும் அட்டைப் பெட்டிகளும் இருக்கின்றன, அவற்றுக்கு அறை தேவையில்லை. தெருவைத் தாண்டினால் பெண்கள் பள்ளிக்கூடம். போய்க் கேட்டுவிட்டேன், ஜூனில் சேர்த்துக்கொள்கிறார்கள். எங்கள் லேபுக்கு எதிரேயே ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. அங்கே கவுன்டரில் நிற்கிற பையனுக்கு ஆட்களின் முகத்தைப் பார்க்கவே கூச்சம். முதலாளி வேறு ஆள் தேடுகிறார்.

எப்படி வருவது என்பதுதான் சிக்கல். அவர் கணவர் பஸ் நிலையத்தில் இருக்கிறவராக இருந்தால், பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் கண்டக்டர் வணக்கம் சொல்லிவிடுவார், வண்டி கிளம்புவதற்குள் செய்தி போய்விடும். வாடகைக் கார்க்காரர்களும் அந்த வாசலில்தானே நிற்கிறார்கள். அதனால் நான்தான் வர வேண்டும்.

என் காரில் இரண்டு சீட்டு. இரண்டு நடையாக ஏற்றலாமா என்று யோசித்தேன். ஒரு நடைக்கே பகல் முழுக்கப் போய்விடும். முதல் நடையில் யாரை ஏற்றுவது, யாரை விட்டுவிட்டு வருவது? ஒரு நாளைக்கு யாரிடமாவது வேறு வண்டி இரவல் வாங்கி வரலாம்தான். ஆனால் அந்த அம்மா ஒரு நாளைக்கு வரவில்லையே. வந்த பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாவற்றுக்கும் நாலு பேர் போக வேண்டும்.

ஆகையால் நேற்று ஒரு பழைய கார் விற்கிறவரிடம் போய் ஒரு செடானைப் பார்த்தேன். நாலு கதவு, பெரிய டிக்கி. நிறம் வெள்ளையும் இல்லை, சாம்பலும் இல்லை. கழுவிக் கழுவிப் போன பனியன் நிறம். ஓட்டிப் பார்த்தேன். நல்ல வண்டி. ஒரு குறையும் சொல்ல முடியவில்லை, அதுதான் அதன் குறை. என் காரைக் கொடுத்தால் இதைத் தருகிறேன் என்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு நேராக வரவில்லை. மேம்பாலத்தில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன்.

அந்த அம்மாவைக் கேட்டு எழுது. அவர் நிஜமாக வருவதாக இருந்தால் மாற்றிவிடுகிறேன்.

வாலு


ஏப்ரல் 8

அன்புள்ள வாலுவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பெரியவளின் பரீட்சை முடிந்தது. நன்றாக எழுதியிருக்கிறாளாம்.

அவசரப்படாதே. வண்டியை மாற்றாதே. அது உனக்கு எவ்வளவு ஆசையான பொருள் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் வீட்டைக் காலி செய்த அன்று என்னை அதில் ஏற்றிக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கிறதா? கூரையைத் திறந்துவிட்டாய். தலைமயிரெல்லாம் வாய்க்குள் போனது. நிறுத்து நிறுத்து என்று கத்தினேன், நீ நிறுத்தவில்லை. நான் கத்தியது நிறுத்துவதற்காக இல்லை என்று உனக்குத் தெரிந்திருந்தது. என்னால் உன் வண்டி போகக் கூடாது.

சின்னவளுக்குக் காரில் வாந்தி வரும். அவளுக்கு ஜன்னல் பக்கம் இடம் வேண்டும். பெரியவள் உயரமாகிவிட்டாள், காலை மடக்கி உட்கார முடியாது.

அந்த அம்மா, அந்த அம்மா என்று எழுதி எனக்கே அலுத்துவிட்டது. மே மாதம் பத்தாம் தேதி உன் அத்தானுக்குத் தலைமை அலுவலகத்தில் பயிற்சி. மூன்று நாள் இருக்க மாட்டார். அன்றைக்கு நான் கடைக்குப் போகிற மாதிரி கிளம்பிப் பிள்ளைகளோடு வருகிறேன். துணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக்கு எடுத்து வந்து பின்னறை அலமாரியில் வைத்திருக்கிறேன். லென்ஸ் தேய்க்கிற பெண்ணுக்கு மட்டும் தெரியும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நேற்று அவளே ஒரு பெரிய பை கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் கெட்டவர் இல்லை, வாலு. வேலையிலிருந்து வரும்போது நாள் முழுக்க யாரிடமோ பேச்சு வாங்கிக்கொண்டு வருகிறார். அது எங்காவது இறங்க வேண்டும்.

வண்டி விஷயத்தில் உன் இஷ்டம். நான் மாற்றச் சொல்லவில்லை.

உன் அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

நலம். மாற்றிவிட்டேன்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். காலையிலேயே காரைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். கார் விற்கிறவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். இவ்வளவு நன்றாக வைத்திருக்கிற வண்டியைக் கொடுக்க மனசு எப்படி வந்தது என்று கேட்டார். அவரே சிரித்துக்கொண்டு, “பசங்க இருக்காங்களா?” என்றார்.

“ரெண்டு பொண்ணு,” என்றேன்.

“பெரியவங்களா?”

“ஒருத்தி உயரமாயிட்டா. சின்னவளுக்குக் கார்ல வாந்தி வரும்.”

அவர் உள்ளே போய் ரப்பர் விரிப்புகள் எடுத்து வந்து செடானின் பின் சீட்டுக்குக் கீழே போட்டுக் கொடுத்தார். கழுவ வசதியாக இருக்கும் என்றார். அந்த நேரத்தில் எனக்கு நிஜமாகவே இரண்டு பெண்கள் இருப்பது போலத்தான் இருந்தது.

சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது என் காரைக் கடையின் பின்பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஓட்டியவனுக்கு கிளட்ச் பழகவில்லை. இரண்டு தடவை அணைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. காதில் விழுந்ததற்கு என்ன செய்வது?

அழுதேனா என்று கேட்காதே. லேபில் எல்லோரும் இனிப்பு கேட்டார்கள், கொடுத்தேன். இரண்டாவது அறையைக் காலி செய்துவிட்டேன். இரண்டு கட்டில் போட்டிருக்கிறேன். நீ என் அறையில். மேம்பாலத்தில் இந்த வண்டி ஒரு சத்தமும் போடவில்லை. பழகிவிடும்.

மே பத்து, காலை பத்து மணி, கடைக்குப் பின்னால் இருக்கும் சந்து. எனக்கு நீண்ட கடிதம் வேண்டாம். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

வாலு


ஏப்ரல் 28

வாலுவுக்கு,

சரி. வா.

அக்கா


மே 19

அக்கா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேரில் பார்த்துவிட்டுத்தானே வந்தேன்.

அன்றைக்கு நீ பின் சீட்டில் இருந்தாய். முன் சீட்டிலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சந்தில் வண்டியை நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் சின்னவள் ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிறகு பெரியவள், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு நீ, வெளியே போகிற உடுப்பில், வெறும் கையோடு. உனக்குப் பின்னால் அத்தான்.

“வாம்மா,” என்றார். “அக்கா சொன்னா, புது வண்டி வாங்கியிருக்க, எங்களையெல்லாம் வெளிய கூட்டிட்டுப் போக வர்றேன்னு. பயிற்சிக்கு வேற ஆளை அனுப்பிட்டேன்.”

நான் உன்னைப் பார்த்தேன். நீ சின்னவளின் ரிப்பனைச் சரி செய்துகொண்டிருந்தாய். அது சரியாகத்தான் இருந்தது.

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பஸ் டயரைத் தட்டுவது மாதிரி காலால் டயரைத் தட்டினார். திறந்து கிடந்த டிக்கியைப் பார்த்து, இதில் ஒரு குடித்தனத்தையே வைக்கலாம் போலிருக்கிறதே என்று சொல்லிவிட்டு அவரே மூடினார். பிறகு முன் சீட்டில் உட்கார்ந்து, காலை நீட்டுவதற்காகச் சீட்டைப் பின்னால் தள்ளினார். அது உன் முழங்காலில் இடித்தது. நீ பரவாயில்லை என்றாய். யாரும் உன்னைக் கேட்கவில்லை, அக்கா.

அணைக்கட்டுப் பூங்காவுக்குப் போனோம். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். உனக்கும் வாங்கினார், உனக்குப் பிடித்ததையே. என்னையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. அவர் சொன்னதற்கெல்லாம் நீ சிரித்தாய். நான் செய்த பல்லைக் காட்டிச் சிரித்தாய். வெகு நேர்த்தியாகத்தான் செய்திருக்கிறேன்.

திரும்பி வரும் வழியில் அவர் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். ஆனால் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். “இப்பதாம்மா உனக்கு நல்ல புத்தி வந்திருக்கு. அந்தப் பழைய வண்டியில ஒரு குடும்பத்தை ஏத்த முடியுமா? இப்ப பாரு, ஒருத்தரையும் விடாம எல்லாரும் உக்காந்துட்டோம்.”

நான் ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். ஜன்னல் பக்கம் சின்னவளுக்கு என்று சொன்னாய். அவளை நடுவில் உட்கார வைத்திருந்தாய். ரப்பர் விரிப்பில் வாந்தி எடுத்தாள். கழுவ வசதியாகத்தான் இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கும்போது நீ குனிந்து, “பாத்துப் போ. மெதுவா ஓட்டு,” என்றாய். நாள் முழுக்க நீ என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் எழுது. அவர் கண்டுபிடித்தாரா, நீயே சொன்னாயா?

வாலு


ஆகஸ்ட் 9

அன்புள்ள வாலுவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நாங்கள் நலம். உன் கடிதம் கடை அலமாரியிலேயே இருந்தது. எடுத்துப் படிப்பேன், வைத்துவிடுவேன்.

அவர் கண்டுபிடிக்கவில்லை. நானேதான் சொன்னேன். ஓடிப் போகப் போகிறேன் என்று சொல்லவில்லை. நீ வண்டி வாங்கியிருக்கிறாய், நம் எல்லோரையும் வெளியே அழைத்துப் போக வருகிறாய் என்று சொன்னேன். இரண்டு வாக்கியம்தான். சொன்ன உடனே மனசு லேசாகிவிட்டது. அதற்காக நீ என்னைக் காறித் துப்பினாலும் சரி.

அதற்கு முந்தின நாள் பெரியவளிடம் விஷயத்தைச் சொன்னேன். எதிர்த்துப் பேசுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், “நீ போம்மா. நான் அப்பாகூட இருக்கேன். என்னை அப்பா அடிச்சதில்லையே,” என்றாள். நான் பெற்றவள். எனக்கு அடி விழும்போது பக்கத்து அறையில் சத்தம் போட்டுப் பாடம் படிப்பாளே, அவள்.

அவளை விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று நீ சொல்வாய். சொல்லாதே.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. உன் காரில் இரண்டு சீட்டு மட்டும் இருந்தவரை நான் தைரியமாகத் திட்டம் போட்டேன். துணி சேர்த்தேன், தேதி பார்த்தேன், மனசுக்குள் உன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்த்தேன், எதிர்க்கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். எல்லாம் கவுன்டரில் நின்றுகொண்டே. எப்படியும் அந்த வண்டியில் இடம் இல்லை, போக முடியாது என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன். நாலு கதவு வண்டி வாங்கிவிட்டேன் என்று உன் கடிதம் வந்ததே, அன்றைக்கு நான் ஒருவர் பிரேமைக் கீழே போட்டு உடைத்தேன். இனி வந்துதான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. நீ அவ்வளவு சீக்கிரம் மாற்றுவாய் என்று நான் நினைக்கவில்லை.

வண்டியை மாற்று என்று நான் ஒரு தடவையாவது எழுதினேனா? கடிதங்களை எடுத்துப் பார். மாற்றாதே என்றுதான் எழுதியிருக்கிறேன். யார் கேட்டார்கள் உன்னை? உனக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அப்படியா?

இப்போது வீட்டில் அமைதியாக இருக்கிறது. கோடைக்குப் பிறகு ஒன்றும் இல்லை. பெரிதாக ஒன்றும் இல்லை.

இனி வீட்டு விலாசத்துக்கே எழுது. கடிதப் பெட்டியைச் சரி செய்துவிட்டார்.

அடுத்த மாதம் அவர் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். வண்டி இரண்டு நாளைக்குக் கிடைக்குமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். நீ சிரமப்பட்டு வர வேண்டாம், வந்து எடுத்துப் போய் அவரே ஓட்டிக்கொள்வாராம். நீ முடியாது என்றால் எனக்குத்தான் சங்கடம்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அக்கா


ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

நலம். இதைக் கடை விலாசத்துக்கே போடுகிறேன். வீட்டு விலாசத்துக்கு எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

கடிதங்களை எடுத்துப் பார்க்கச் சொன்னாய், பார்த்தேன். மாற்றாதே என்று எழுதியிருக்கிறாய், உண்மைதான். அதற்கு அடுத்த பத்தியிலேயே சின்னவளுக்கு ஜன்னல் பக்கம் இடம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். நீ எழுதியது முதல் வரியை. நான் படித்தது இரண்டாவது வரியை. இதில் யாரைக் குற்றம் சொல்வது?

பெரியவளைப் பற்றி நீ எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன். அவள் வராததற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருத்தியை விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் எட்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்த எனக்கு, சந்து முனையில் கையைக் காட்டி, வராதே, திரும்பிப் போ என்று சொல்லியிருக்கலாம். நான் திரும்பியிருப்பேன். அவரைக் கூட்டிக்கொண்டு வந்து என் வண்டியில் ஏற்றியிருக்க வேண்டாம். அந்த முன் சீட்டில் இப்போதும் அவர் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. சீட்டை முன்னுக்கு இழுத்து வைத்துவிட்டேன். ஆனாலும் இருக்கிறார்.

கார் விற்கிறவரிடம் போய், பழையதைத் திருப்பிக் கொடுப்பீர்களா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அது போன மாதமே போய்விட்டது. வாங்கினவர் எந்த ஊர் என்று அவர் சொன்னார், நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்கு வண்டி வராது. அத்தானிடம் வண்டி பழுதாகிக் கிடக்கிறது என்று சொல். வேறு ஏதாவது தோன்றினால் அதைச் சொல். உனக்குக் காரணம் சொல்லத் தெரியாதா?

உனக்குச் சங்கடம் வரும் என்று எழுதியிருந்தாய். சங்கடம் என்று நீ எதைச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் முடியாது என்கிறேன். இதை எழுதும்போது எனக்கு என்மேல் ஒன்றும் பெருமை இல்லை. கொடுத்தாலும் அடிதான் விழும், கொடுக்காவிட்டாலும் அடிதான் விழும். கொடுத்தால் அதில் எனக்கும் பங்கு இருக்கும்.

இரண்டாவது அறையை வாடகைக்கு விட்டுவிட்டேன். எங்கள் லேபில் மெழுகில் பல் வடிக்கிற வேலைக்குப் புதிதாக வந்த பெண் இந்த மாதம் முதல் அங்கே இருக்கிறாள். ஒரு கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கண்ணாடிக் கடையில் அந்தக் கூச்சப் பையனுக்கே வேலையை நிரந்தரம் செய்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இடத்தை ஜூன் வரை பிடித்து வைத்திருந்தார்கள். பிறகு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எல்லாம் அதனதன் வழியில் நடந்து முடிந்துவிட்டது. உனக்கு நான் பிடித்து வைத்திருந்த இடம் ஒன்றும் இப்போது இங்கே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு இரு.

வண்டி நன்றாக ஓடுகிறது. காலையில் அந்தப் பெண்ணும், லேபிலிருந்து இன்னும் இரண்டு பேரும் அதில்தான் வருகிறார்கள். வழியெல்லாம் பேச்சு. பஸ்ஸுக்கு நிற்கிற தொல்லை விட்டது என்று என்னை வாழ்த்துகிறார்கள். அவர்கள் யாரும் எனக்கு உறவில்லை.

போன வாரம் அந்தப் பெண், இவ்வளவு பெரிய வண்டியைத் தனியாளாக இருந்துகொண்டு எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டாள். சிக்னலில் நின்றிருந்தோம். பச்சை விழுந்தது, கியரைப் போட்டேன். கொஞ்சம் பொறுத்து, “உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்லையாக்கா?” என்றாள்.

“இருக்காங்க,” என்றேன். “குடும்பமா இருக்காங்க.”

வாலு